திருத்திக் கேட்ட ஜெபம்

தெல்லிப்பழையில் எந்தப் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்பது அவளுடைய புருஷனுக்கு அடுத்தபடியாக நிஷானிக்குத்தான் தெரியவரும். சில வேளைகளில் புருஷனுக்கு முன்னமே தெரிந்துவிடும். சட்டை தைக்கக் கொடுக்க வருகிறவளின் மார்பளவு போன மாதத்தைவிட ஒன்றரை அங்குலம் கூடியிருக்கும், ஆனால் முகம் வாடியிருக்கும். அதற்கு வேறு காரணம் கிடையாது. நிஷானி அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டு, "உள்ளுக்குள்ளை கொஞ்சம் துணி கூட விடுறன், பேந்து பிரிச்சுவிடலாம்" என்பாள். வந்தவள் நிலத்தைப் பார்த்துச் சிரிப்பாள். அத்தோடு சரி. ஒன்பது வருடமாக அந்த வீட்டு முன்னறையில் இருந்து தைக்கிறாள். இவள் வாயால் ஒரு சேதி வெளியே போனதென்று ஊரில் ஒருவரும் சொல்ல ஏலாது. தையல் திறமென்று சனம் வருவதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். வாய் திறவாததற்காகவும்தான் வந்தார்கள்.

அப்படிப்பட்டவளின் சொந்த விஷயம் ஊரெல்லாம் போனது. அதுவும் அரைவாசிதான் போனது. முழுதாகப் போயிருந்தால் இவ்வளவு வில்லங்கம் வந்திராது.

நிஷானிக்குப் பிறந்த ஊர் கொக்குவில். கெல்வினைக் கட்டி வரும்போது வயது இருபத்தேழு, இப்போது முப்பத்தாறு. கெல்வின் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். நல்ல மனுஷன். ஏதாவது கேட்டால் பதில் சொல்ல முதல் சுவரைப் பார்ப்பான், பதில் அதற்குள்ளால் வயரில் வருகிறமாதிரி. மாமியார் ஐரிஸ் ரீச்சர் மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வெடுத்தவர். இப்போது தேவாலயத்து மாதர் சங்கத்துக்குத் தலைவி. வாழ்க்கையில் ஒரு பொய் சொன்னதில்லை. இந்தக் கதையில் வரும் கரைச்சல் முழுவதும் அதனால் வந்தது.

இதற்கு முன் நிஷானிக்கு இரண்டு முறை தங்கி, இரண்டு முறையும் போய்விட்டது. முதலாவது ஒன்பதாம் கிழமை, இரண்டாவது பதினோராம் கிழமை. இரண்டு முறையும் சந்தோஷத்தில் ஆறாம் கிழமையே எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. தேவாலயத்தில் எழுப்பி நிறுத்தி நன்றி சொல்லி ஜெபித்தார்கள். பிறகு அதே சனம் மாரி பிஸ்கற் பைக்கற்றோடு துக்கம் விசாரிக்க வந்தது. இரண்டாம் முறை வந்த ஒருத்தி நிஷானியைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, எழும்பிப் போகும்போது போன கிழமை தந்த சட்டைக்குக் கைநீளத்தைக் குறைக்கலாமா என்று கேட்டாள். நிஷானி குறைத்துக் கொடுத்தாள். அன்று தைத்த கை இரண்டும் ஒரே அளவாக வரவில்லை.

ஆகவே மூன்றாம் முறை நாள் தள்ளிப்போனதும், மூன்று பேரும் குசினிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஐந்தாம் மாதம் வரும்வரைக்கும் பிள்ளை என்ற பேச்சை வீட்டுக்கு வெளியே எடுப்பதில்லை.

"மாமி, மாதர் சங்கத்திலையும் சொல்லக்கூடாது" என்றாள் நிஷானி.

"பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் என்ரை வாயால வராது. நான் சொன்னால் சொன்னதுதான்" என்றார் ஐரிஸ் ரீச்சர். சொன்னபடியே செய்தார். அதைப் பின்னால் பார்ப்போம்.

எட்டாம் கிழமை ஸ்கான். டொக்டர் சுபாஸ்கரன் அதிகம் கதைக்காத மனிதர். "பிள்ளை இருக்கு, இதயம் அடிக்குது" என்றார். நிஷானி மூச்சை விட்டாள். பிறகு அவர் கருவியை இடது பக்கம் நகர்த்தினார், அங்கேயே நிறுத்தினார். அவள் விட்ட மூச்சைத் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

"இடப்பக்கச் சூலகத்தில ஒரு கட்டி இருக்கு. தண்ணிக் கட்டி. எட்டு சென்ரிமீற்றர்."

"பிள்ளை எவ்வளவு டொக்டர்?"

"ஒண்டரை."

எட்டு சென்ரிமீற்றர் என்றால் மூன்று அங்குலமும் ஒரு நூலும். ஒரு நல்ல தோடம்பழம். பிள்ளை ஒரு பொத்தான். பொத்தானுக்குப் பக்கத்தில் தோடம்பழம் வந்து குந்தியிருக்கிறது. நிஷானிக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம். இடம் கிடந்து இவ்வளவு நாளும் வராமல், பிள்ளை வந்த பிறகுதானா இதற்கு வர வேண்டும்.

"இதால பிள்ளைக்கு ஏதும்?"

"அது சும்மா இருந்தால் ஒண்டுமில்லை. திருகி முறுகினால்தான் பிரச்சினை. முறுகினால் உடனே வெட்ட வேணும். அவசரத்தில வெட்டினால் பிள்ளை தாங்குமோ எண்டு என்னால வாக்குத் தரேலாது."

"அப்ப இப்பவே எடுத்துவிட்டால்?"

"இப்ப கை வைக்கேலாது. பிள்ளை இப்போதைக்கு அந்தச் சூலகத்தை நம்பித்தான் இருக்கு. பதினாறு கிழமை மட்டும் பாப்பம். கனபேருக்குத் தானாச் சுருங்கிப் போகும். போகாட்டி அப்ப எடுப்பம். இடையில ஒரு பக்கமாக் குத்தி எடுத்து, வாந்தி சத்தியும் வந்தால், கோல் பண்ணிக் கேட்டுக்கொண்டு நிக்காதேயுங்கோ. நேரே ஆஸ்பத்திரிக்கு வாங்கோ."

எட்டுக் கிழமை. அந்த எட்டுக் கிழமையும் நிஷானி ஒரு முட்டைக் கூடையைச் சுமக்கிறவள் போல நடந்தாள். வலப்பக்கம் மட்டும் படுத்தாள். திரும்ப வேண்டுமென்றால் எழும்பி இருந்து, யோசித்து, பிறகு திரும்பினாள். இடது அடிவயிறு எந்நேரமும் பாரமாக இருந்தது. அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது. வாய்வு வந்து குத்தினாலும் செய்த வேலையை விட்டுவிட்டு இருந்துகொண்டாள். இதுதானோ, இதுதானோ என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கேட்டுக்கொண்டாள். கால்மெசினை மிதித்தால் கட்டி முறுகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனாலும் கெல்வின் சுவரைப் பார்த்து யோசித்துவிட்டு, மெசினுக்கு ஒரு மோட்டரைப் பூட்டினான். முதல் நாள் அது அவளையும் இழுத்துக்கொண்டு ஓடி, ஒரு சட்டையின் கழுத்தை முற்றாக மூடித் தைத்துவிட்டது. மூன்றாம் நாள் பழகிவிட்டது.

இனி ஐரிஸ் ரீச்சரிடம் வருவோம். மருமகளுக்கு ஆபத்து. ஜெபிக்க நாற்பது பெண்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்று. ரீச்சர் இரண்டு நாள் யோசித்தார். தான் கொடுத்த வாக்குப் பிள்ளையைப் பற்றியது. கட்டியைப் பற்றி ஒரு வாக்கும் கொடுக்கவில்லை. கணிதம் படிப்பித்தவருக்கு இது போதும். அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் எழும்பி நின்று, "எங்கடை நிஷானியின்ரை வயித்தில ஒரு கட்டி இருக்கு. ஊக்கமா ஜெபியுங்கோ" என்று சொல்லிவிட்டு இருந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து அதையும் மறைக்காமல் சொன்னார். "பிள்ளையைப் பற்றி நான் மூச்சு விடேல்லை" என்றார், பெருமையாக.

நிஷானி கெல்வினைப் பார்த்தாள். கெல்வின் சுவரைப் பார்த்தான்.

தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கும் பார்க்கிறார்கள். அதனால் அந்த வாசலில் ஒருத்தியை இரண்டு தரம் கண்டால், மூன்றாம் தரம் சனம் பெருமூச்சு விடத் தொடங்கிவிடும். நிஷானியைக் கிளினிக்குக்குப் போகும்போது கண்டவர்கள் இருந்தார்கள். அதோடு இந்தக் கட்டிச் சேதியும் சேர, ஊர் மிச்சத்தைத் தானே தைத்து முடித்துக்கொண்டது.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் ஒருவரும் வெறுங்கையோடு வருவதில்லை. முதலில் வந்தது ஜெனிற்றா அக்கா. மாதர் சங்கத்துச் செயலாளர், உருண்டையான நல்ல மனம். இரண்டு கையிலும் பச்சைப் பப்பாசிக்காய்.

"மூண்டு நாள் விடாமல் கறி வைச்சுச் சாப்பிடு, பிள்ளை. வயித்தில என்ன இருந்தாலும் கரைச்சுப்போடும்."

"ஓம் அக்கா" என்றாள் நிஷானி. குரல் கொஞ்சம் நடுங்கியது. நோய்க்காரி நடுங்குகிறாள் என்று ஜெனிற்றா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்து அன்னாசி வந்தது. பிறகு எள்ளுருண்டை. பிறகு திரும்பவும் பப்பாசி. பிள்ளைத்தாச்சி கண்ணாலும் பார்க்கக்கூடாதென்று எங்கள் சனம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த சாமான் அத்தனையும் ஒரே கிழமைக்குள் அந்த வீட்டுப் படலையைத் தாண்டி வந்து சேர்ந்தன. ஐரிஸ் ரீச்சர் ஒவ்வொன்றையும் நன்றியோடு வாங்கித் தன் கட்டிலுக்குக் கீழே ஒளித்துவைத்தார். அறை கலியாண வீடு மாதிரி மணத்தது. கெல்வின் வேலைக்குப் போகும்போது அள்ளிக்கொண்டு போனான். புத்தூரில் அவனோடு வேலை செய்த மேசன்மார் மூன்று கிழமையாக அன்னாசி தின்றார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஜெனிற்றா அக்கா பிறகொரு நாள் ஒரு போத்தல் கசாயமும் கொண்டுவந்தாள். கண்ணுக்கு முன்னால் குடிக்க வேண்டும் என்று கதிரையில் இருந்துகொண்டாள். நிஷானி வெறும் வயிற்றில்தான் குடிப்பேன் என்று சொல்லி, அவளை மெல்ல அனுப்பிவிட்டு, வாசலில் நின்ற குரோட்டன் சாடிக்குள் ஊற்றினாள். குரோட்டன் இன்றைக்கும் நன்றாக நிற்கிறது. அந்தக் கசாயத்தைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

பன்னிரண்டாம் கிழமை இன்னொரு ஸ்கான். பிள்ளைக்குக் கையும் காலும் தெரிந்தன. கட்டி ஒன்பதாகியிருந்தது.

பதினாலாம் கிழமை வயிறு வெளியே தெரியத் தொடங்கியது. முந்தின இரண்டு முறையும் வயிறு தெரிய முதலே எல்லாம் முடிந்துவிட்டது. எத்தனையோ பேரின் வயிற்றுக்கு அளந்து, தையல் பிரித்துக் கொடுத்தவள், தன் சட்டையை முதல் தரமாகப் பிரித்துப் பெருப்பித்தாள். அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனாள். எதிரே வந்த பெண்கள் அவள் வயிற்றைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, "பாவம்" என்றார்கள். ஒருத்தி அவள் தலையைத் தடவிவிட்டாள். நிஷானி மரக்கறியும் வாங்காமல் வீட்டுக்கு வந்து, மெசினில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரேயொருத்தி. அந்த வயிற்றைப் பார்த்துச் சிரிக்க ஒருத்தி.

இருந்தும் வாய் திறக்கவில்லை. ஐந்தாம் மாதம் என்றால் ஐந்தாம் மாதம். இந்த முறை ஒருவருக்கும் சொல்லாவிட்டால் பிள்ளை நிலைத்துவிடும் என்று ஒரு எண்ணம். அதற்கு வேதத்தில் ஆதாரமில்லை, வைத்தியத்திலும் இல்லை. அவளுக்கும் அது தெரியும்.

பதினைந்தாம் கிழமை ஞாயிறு ஆராதனை. போதகர் லயனல் அந்தத் தேவாலயத்துக்கு வந்து நாலு மாதம்தான். குரல் பெரிது. ஒலிவாங்கி வைத்துக் கொடுத்தாலும் அதைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் கதைப்பார். பிரசங்கம் முடிந்ததும், "சகோதரி நிஷானி முன்னுக்கு வர வேணும்" என்றார்.

நிஷானி மாமியைப் பார்த்தாள். மாமி பாட்டுப் புத்தகத்துக்குள் ஏதோ தேடினார்.

போய் முழங்காலில் நின்றாள். மாதர் சங்கத்தார் சுற்றி வந்து தோளில் கை வைத்தார்கள். போதகர் தலைக்கு மேலே கையை நீட்டித் தொடங்கினார்.

"ஆண்டவரே, இந்த மகளின் வயிற்றிலே வேர்விட்டிருப்பதை நீர் காண்கிறீர். அதை வேரோடே பிடுங்கிப்போடும்."

"ஆமென்" என்றது சபை. நூற்றிருபது பேர் இருப்பார்கள்.

"ஒன்றையும் மீதி வையாதேயும். இந்த வயிற்றை முற்றாக வெறுமையாக்கும்."

"ஆமென்."

நம்பிக்கை இல்லாதவள் என்றால் பேசாமல் முழங்காலில் நின்றிருப்பாள். நிஷானிக்கு நம்பிக்கை இருந்தது. இரண்டு பேர் ஒருமனப்பட்டுக் கேட்டாலே கிடைக்கும் என்று சின்ன வயதில் படித்தவள். இங்கே நூற்றிருபது பேர் கேட்கிறார்கள். அதுவும் அழுது கேட்கிறார்கள். முதல் இரண்டு பிள்ளைகளுக்காகவும் இதே சபைதான் கேட்டது, கிடைக்கவில்லை. அந்த இரண்டுக்கும் சேர்த்து இன்றைக்குக் கேட்டது கிடைத்துவிட்டால் என்ன செய்வது? அவள் இரண்டு கையாலும் அடிவயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

"அதன் வளர்ச்சியை இன்றைக்கே, இந்த மணித்தியாலமே –"

"ஐயா, கொஞ்சம் நிப்பாட்டுங்கோ."

ஜெபத்தின் நடுவில் ஒருவரும் போதகரை மறித்தது கிடையாது. அவருடைய கை மேலேயே நின்றது. கண்ணைத் திறப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு கண்ணைத் திறந்தார்.

நிஷானி எழும்பினாள். "வயித்துக்குள்ளை ரெண்டு இருக்கு ஐயா. ஒண்டு கட்டி. மற்றது என்ரை பிள்ளை, இண்டைக்குப் பதினைஞ்சு கிழமை. நீங்கள் ரெண்டையும் சேர்த்துக் கேக்கிறியள். பிள்ளையை விட்டிட்டுக் கேளுங்கோ."

ஜெனிற்றா அக்கா பக்கத்து மர வாங்கில் மெல்லக் குந்தினாள். "நான் பப்பாசிக்காய் குடுத்தனான்" என்று தனக்குத்தானே சொன்னாள்.

"நான் சாப்பிடேல்லை அக்கா" என்றாள் நிஷானி.

போதகர் இரண்டு கண்ணையும் திறந்தார். "கட்டி எந்தப் பக்கம், மகள்?"

"இடப்பக்கம்."

"எவ்வளவு?"

"ஒன்பது சென்ரிமீற்றர்."

அவர் கண்ணை மூடினார். இந்த முறை குரல் சாதாரண மனிதரின் குரல் அளவுக்கு இறங்கியிருந்தது. "ஆண்டவரே, இப்போது கேட்டதை நாங்கள் திருப்பி எடுத்துக்கொள்கிறோம். அறியாமல் கேட்டோம். இடப்பக்கத்திலே இருக்கிற ஒன்பது சென்ரிமீற்றர் கட்டியை மாத்திரம் நீர் பார்த்துக்கொள்ளும். நடுவிலே இருக்கிற பிள்ளையை அதன் பாட்டில் இருக்கவிடும்."

ஆமென் சொன்னவர்களில் உரக்கச் சொன்னவர் ஐரிஸ் ரீச்சர்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ரீச்சர் இரண்டடி முன்னால் நடந்தார். படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் பொய் சொல்லேல்லை, பிள்ளை. ஆனால் நான் செய்தது பிழை" என்றார். பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் மற்றவர்களுக்குப் பிழை போட்டவர். நிஷானி அவருடைய கையிலிருந்து பாட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பதினாறாம் கிழமை ஸ்கானில் கட்டி பதினொன்று. டொக்டர் சுபாஸ்கரன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இது இனித் தானாப் போகாது. வளருது. விட்டால் முறுகும். வாற புதன்கிழமை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில எடுப்பம்."

"பிள்ளை?" என்றான் கெல்வின். சுவரைப் பார்க்கவில்லை.

"கனபேருக்கு ஒண்டும் நடக்கிறேல்லை. இதுதான் வெட்டுறதுக்கு நல்ல நேரம். ஆனால் நடக்கவே நடக்காது எண்டு நான் சொல்லமாட்டன்."

கையெழுத்து வைக்கக் கெல்வினுக்கு இரண்டு பேனை தேவைப்பட்டது. முதல் பேனையை அழுத்தி முறித்துவிட்டான்.

புதன் காலை நிஷானியைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். மயக்க மருந்து கொடுக்க முதல், டொக்டர் சுபாஸ்கரனைக் கூப்பிட்டு, "இடப்பக்கம்" என்றாள். அவர், "தெரியும் அம்மா" என்றார். "இன்னொருக்காச் சொன்னனான்" என்றாள்.

முழிப்பு வந்தபோது பகல். நாக்கு தடித்திருந்தது. கட்டிலின் கால்மாட்டில் கெல்வினும் மாமியும் நிற்பது தெரிந்தது. பக்கத்தில் ஒரு இளம் தாதி, சட்டையில் லவீனா என்று பெயர்.

"எதை எடுத்தனீங்கள்?" என்றாள் நிஷானி.

"கட்டியைத்தான் அக்கா. முழுசா வந்திட்டுது. சூலகத்தையும் விட்டிருக்கினம்."

"பிள்ளை?"

"அதைப் பாக்கத்தான் வந்தனான்."

லவீனா கட்டுத்துணிக்குக் கீழே குளிர்ந்த களியைப் பூசி, சின்னக் கருவியை வைத்து அழுத்தினாள். இரைச்சல் வந்தது. பிறகு ஒரு துடிப்பு, ஆறுதலாக, கனமாக.

"இதுவோ?" என்றான் கெல்வின்.

"இல்லை, இது அக்காவின்ரை நாடி."

கருவி இடம் மாறியது. இரைச்சல். திரும்ப மாறியது. இரைச்சல். லவீனா களியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பூசினாள். "சின்னப் பிள்ளை, ஒரு இடத்தில நிக்காது" என்றாள். ஐரிஸ் ரீச்சரின் உதடு அசைந்துகொண்டிருந்தது. நிஷானி கூரையைப் பார்த்துக்கொண்டு, முதலாவதையும் இரண்டாவதையும் நினைத்தாள். இரண்டு முறையும் இப்படித்தான் ஒருத்தி தேடித் தேடிப் பார்த்துவிட்டு, டொக்டரைக் கூட்டிக்கொண்டு வாறன் என்று எழும்பிப் போனாள். இவளும் எழும்பக் கூடாது. எழும்பாமல் இருந்தால் போதும்.

லவீனா எழும்பவில்லை. கருவியைச் சரித்துப் பிடித்தாள்.

வந்தது. வேகமாக, நிற்காமல், ஒன்றன்மேல் ஒன்றாக.

"இது பிள்ளை" என்றாள் லவீனா. கைமணிக்கூட்டைப் பார்த்து எண்ணினாள். "நூற்றம்பத்தினாலு. நல்லா இருக்கு."

கருவியை எடுக்கப் போனாள். நிஷானி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்காதேயுங்கோ மிஸ். இன்னும் கொஞ்சம் வையுங்கோ."

"எனக்கு இன்னும் ஆறு கட்டில் பாக்கக் கிடக்கு அக்கா."

"தெரியும்."

லவீனா மற்றக் கட்டில்களைப் பார்த்தாள், பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள். நிஷானிக்குக் கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் இறங்கியது. வாயைப் போர்வை நுனியால் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். அழுகிற சத்தத்தில் அது கேட்காமல் போய்விடக் கூடாது.